பதினேழாம் ஜோடி

அந்த எண்ணை நான் பார்த்திருக்கவே கூடாது. பார்க்கக்கூடாது என்று விதி எழுதி, அச்சடித்து, ஆய்வுக்கூடக் கதவில் ஒட்டியவளே நான்தான்.

எங்கள் வேலை இதுதான்: மனச்சிதைவு வந்தவர்களின் மூளையில் டோபமின் என்கிற சரக்கு எவ்வளவு புழங்குகிறது என்று பார்ப்பது. மூளையைத் திறந்து பார்க்க முடியாது. டோபமின் உடைந்து மிஞ்சுகிற கழிவு முதுகுத்தண்டு நீரில் வந்து சேரும். கீழ்முதுகில் ஊசி போட்டு அந்த நீரை எடுத்து, கழிவை அளந்தால் மேலே என்ன நடக்கிறது என்று ஓரளவு ஊகிக்கலாம். பக்கத்து வீட்டுக் குப்பையைப் பார்த்து அங்கே என்ன சமையல் என்று சொல்வது மாதிரிதான். கழிவு கூடுதலாக இருந்தால் நோயும் இருக்கும் என்பது எங்கள் ஊகம். எங்கள் யொருபா ஊரான இபாடானில் இந்த வேலைக்கு ஒரு வசதி உண்டு, தெருவுக்குத் தெரு இரட்டைப் பிள்ளைகள். இரட்டையில் ஒருவருக்கு நோய் வந்து மற்றவருக்கு வராத ஜோடிகளாகப் பிடித்து, இரண்டு வருடத்தில் முப்பத்தெட்டு ஜோடி சேர்த்திருந்தோம். பதினேழாம் ஜோடி நானும் என் அக்கா கெஹிந்தேவும்.

அக்கா என்கிறேன், ஆனால் அவள் எனக்கு இருபது நிமிடம் பின்னால் பிறந்தவள். இரட்டையில் முதலில் வெளியே வருவது தாய்வோ, பின்னால் வருவது கெஹிந்தே. பின்னால் வந்ததுதான் மூத்தது. உலகம் இருக்கிற லட்சணத்தை முதலில் போய்ப் பார்த்துவிட்டுச் சொல் என்று இளையதை அனுப்பிவிட்டு, சாவகாசமாக வருகிறவர் மூத்தவராகத்தானே இருக்க முடியும்? எங்கள் ஊரில் பிறந்த யாரும் இதை ஒரு கேள்வியாகக்கூட நினைத்ததில்லை. நான் தாய்வோ. காலையில் எழுந்ததும் அவளுக்கு முழங்காலை மடக்கி வணக்கம் சொல்வது நான்தான்.

கெஹிந்தே பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராகச் சேர்ந்த வருடம் அவளுக்குக் குரல்கள் கேட்க ஆரம்பித்தன. அப்போது எங்களுக்கு இருபத்திரண்டு வயது. ஒன்பது வருடமாக மாத்திரை. அந்தக் குரல்களுக்கு அவள் வைத்த பெயர் மாடிக்காரர்கள். போடிஜாவில் நாங்கள் குடியிருக்கிற வீட்டுக்கு மாடியே கிடையாது. அச்சில் வார்த்தது போல் ஒரே முகம், ஒரே குரல், ஒரே உடம்பு எங்களுக்கு. அவளுக்கு வந்தது எனக்கு ஏன் வரவில்லை, இனி வருமா என்கிற கேள்விக்காகத்தான் நான் இந்தப் படிப்பையே படித்தேன். வெளியில் கேட்டால் விஞ்ஞானம் என்று சொல்லிக்கொள்வேன்.

எங்கள் ஜோடியின் குழாய்களை நான் தொடக்கூடாது, என் உதவியாளன் இஷோலாதான் அளக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஏப்ரலில் இஷோலா கல்யாணத்துக்கென்று ஊருக்குப் போனவன் நேரத்துக்கு வரவில்லை. கரண்ட் போய், ஜெனரேட்டரும் இருமிக்கொண்டிருந்தது. குழாய்களில் உறைந்திருந்த நீர் உருகிவிடும் என்று நானே எடுத்துக் கருவியில் ஏற்றினேன். அவனைத் திட்டிக்கொண்டே ஏற்றியதில் எந்த ஜோடி என்று பார்க்கவில்லை. அச்சில் எண்கள் வந்து விழுந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்க வேண்டும். கண் போய்விட்டது.

17-1 என்கிற குழாயில் கழிவு, 17-2ஐப் போல் இரண்டு மடங்குக்கும் மேல்.

மூத்தவருக்கு 1, இளையவருக்கு 2. வெளிநாட்டுக் கூட்டாளிகள் அனுப்பிய படிவத்தில் அப்படித்தான் இருந்தது. நான்காம் பக்கத்தில் பொடி எழுத்தில், முதலில் பிறந்தவரே மூத்தவர் என்று விளக்கமும் இருந்தது. அந்தப் படிவம் எனக்கு மனப்பாடம். வீட்டில் நான் தங்கைதான். ஆனால் ஆய்வுக்கூடக் கதவைத் தாண்டினால் அவர்களுடைய படிவம் எப்படிச் சொல்கிறதோ அப்படித்தான் என் மூளையும் ஓடும். இருபது நிமிடம் முன்னால் பிறந்தவள் நான். 17-1 நான்.

ஒற்றை எண்ணை வைத்து யாருக்கும் நோய் என்று சொல்ல முடியாது. இதை வருடா வருடம் மாணவர்களுக்குச் சொல்கிறேன், புரியாத மாதிரி முழித்தவனை வகுப்பை விட்டே துரத்தியிருக்கிறேன். எனக்கு நானே நூறு தடவை சொல்லிப் பார்த்தேன். பயத்துக்குக் காது கிடையாது.

யாரிடம் போய்க் கேட்பது? ஆய்வின் தலைவர் டாக்டர் மொரெனிகே. கெஹிந்தேவுக்கு மருந்து எழுதுகிறவரும் அவரேதான். கேட்டால், பார்க்கக்கூடாததைப் பார்த்தேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். எனக்குப் பைத்தியம் பிடிக்கப்போகிறது என்று வந்து நிற்கிறவளை எந்த டாக்டர் சும்மா அனுப்புவார்? சரி, வாயை மூடிக்கொண்டு இருக்கலாம் என்றால், தனக்கு ஒன்றுமே இல்லை என்று சாதிப்பதும் நோயின் அடையாளம்தான். நோயைக் கண்டறிகிற எங்கள் கேள்வித்தாளில் அதற்கென்று தனிக் கட்டம் இருக்கிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு கட்டம் இருந்தது, அதில் டிக் அடிக்க இடமும் இருந்தது.

அப்புறம் என்னை நானே வேவு பார்க்க ஆரம்பித்தேன். உறைபெட்டியின் இரைச்சலுக்கு நடுவில் யாராவது என் பெயரைச் சொல்கிறார்களா என்று நின்று கேட்டேன். போடிஜா சந்தையில் மிளகாய்க்காரி பக்கத்துக் கடைக்காரியிடம் ஏதோ சொல்லிச் சிரித்தாள், அது என்னைப் பற்றியா என்று ஒரு நொடி தோன்றியது. அந்த ஒரு நொடியை வைத்துக்கொண்டு மூன்று நாள் அல்லாடினேன். ஒரே அறைக்குள் என்னைப் பூட்டி, சாவியையும் என் கையிலேயே கொடுத்துவிட்ட மாதிரி இருந்தது. திறந்தால் வெளியே நிற்பதும் அந்த நோய்தான்.

நான்காம் நாள் கெஹிந்தேவின் மாத்திரை டப்பாவில் கை வைத்தேன்.

அது பழைய பால்மாவு டப்பா. மூன்று மாதத்துக்கான மாத்திரையை மொத்தமாக அதில் போட்டு வைத்திருப்பாள், தினம் இரண்டு. டோபமின் போய் உட்காருகிற இடத்தை அடைத்துவைக்கிற மாத்திரை அது. எனக்கு டோபமின் கூடுதல் என்றால் நானும் அடைத்துவிட்டால் போகிறது. படித்தவளின் மூளை எப்படி வேலை செய்தது பாருங்கள். கடையில் வாங்கலாம் என்றால் பெயர் எழுதிக் கொடுக்க வேண்டும், என் பெயரில் ஒரு சீட்டு இருந்துவிடும். அதனால் தினம் ஒன்று, திருட்டு மாத்திரை.

கெஹிந்தே கணக்கு டீச்சர் என்பதை நான் எப்படி மறந்தேனோ.

மே மாதம் அவளைப் பரிசோதனைக்கு அழைத்துப்போனேன். நான் எப்போதும் பக்கத்து நாற்காலியில் உட்காருவேன். டாக்டர் மொரெனிகே நல்லவர். நோயாளியின் கண்ணைப் பார்த்துப் பேசுவார், எல்லோரையும் குடும்பத்தோடு நலம் விசாரிப்பார். தூக்கம், சாப்பாடு என்று ஒவ்வொன்றாகக் கேட்டு முடித்தார். கெஹிந்தே தன் பையிலிருந்து கட்டம் போட்ட நோட்டு ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

“டாக்டர், என் மாத்திரைய யாரோ எடுக்கிறாங்க. தினம் ஒண்ணு.”

டாக்டர் நோட்டைத் திறக்கவில்லை. மாடிக்காரர்கள் அப்படிச் சொன்னார்களா என்று கேட்டார், குரலில் கேலி எதுவும் இல்லை.

“மாடிக்காரங்களுக்குக் கணக்கு வராது டாக்டர். நான்தான் எண்ணினேன்.”

டாக்டர் என்னைப் பார்த்தார். வீட்டுக்கு வேறு யாரும் வந்துபோகிறார்களா என்று கேட்டார். நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான் டாக்டர் என்றேன். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அந்தக் கணத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. டாக்டரின் பேனா கோப்பில் ஓடியதைத் தலைகீழாகப் படித்தேன்: மாத்திரையை யாரோ திருடுவதாக உறுதியாக நம்புகிறார், ஓயாமல் எண்ணிக்கொண்டிருக்கிறார். இரண்டு மாத்திரை மூன்றானது. மறதியில் இவளே கூடுதலாகப் போட்டுக்கொண்டிருப்பாள் என்று என்னிடம் தனியாகச் சொல்லி, டப்பா இனிமேல் என் பொறுப்பில் இருக்கட்டும் என்றார்.

ஒன்பது வருடத்தில் கெஹிந்தே ஒரு நாள்கூட மாத்திரை தவறவிட்டதில்லை. வேலை போனது, கல்யாணப் பேச்சு முறிந்தது, கூடப் படித்தவர்கள் தெருவில் பார்த்தால் ஒதுங்கிப் போனார்கள். அவளிடம் மிஞ்சியிருந்த ஒரே கௌரவம் அந்த டப்பாதான். வீட்டுக்கு வந்ததும் அதைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். திருடியிடமே பெட்டியை ஒப்படைத்தார்கள், நானும் வாங்கிக்கொண்டேன். என்னைப் போல ஒரு கோழையை நான் இதுவரை பார்த்ததில்லை.

அதன்பிறகும் நிறுத்தினேனா? இல்லை. நிறுத்தினால் நோய் வந்துவிடும் என்று பயம். அந்தக் கூடுதல் மாத்திரையில் அவள் பகலிலும் தூங்கி வழிந்தாள், மொய்மொய் என்கிற பயற்று மாவை அவிக்க இலை மடிக்க உட்கார்ந்தால் இலை கையில் இருக்கும், தலை தொங்கிவிடும். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஜூன் முதல் ஞாயிறு. மதியம் அமலாக் களியும் எவெடுக் கீரைக் குழம்பும் செய்திருந்தேன். இரண்டு பேரும் மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். எனக்குச் சில நாளாகத் தாடை இறுகிக்கொண்டு வந்தது, நாக்கு தடித்துப்போனது. கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்காது. மேசைக்கு அடியில் தன்பாட்டுக்கு நடைபோட்டுக்கொண்டே இருக்கும். கெஹிந்தே உருண்டையை வாய்க்குக் கொண்டுபோனவள் அப்படியே நிறுத்தினாள். குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

“அந்தக் கால் என்னோடது” என்றாள்.

உளறாதே அக்கா என்றேன்.

“முதல் வருஷம் எனக்கு இப்படித்தான் ஆடிச்சு. மாத்திரை செய்யிற வேலை அது. வாயத் திற, நாக்கக் காட்டு.” நான் காட்டவில்லை. “எத்தன நாளா எடுக்கிறே, தாய்வோ?”

அதற்குமேல் தாங்க முடியவில்லை. மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டினேன். குழாய், எண், இரண்டு மடங்கு, மிளகாய்க்காரி, டப்பா, எதையும் மிச்சம் வைக்கவில்லை. நடுவில் குறுக்கே பேசாமல் கேட்டாள். 17-1 நான், எனக்கும் வரப்போகிறது அக்கா என்று நான் முடித்தபோது அவள் முகத்தைச் சுளித்தாள், தப்பாகப் போட்ட கணக்கைப் பார்த்தால் சுளிப்பாளே அப்படி.

“நீ எப்படி ஒண்ணாவே? ஒண்ணு நான்தான்.”

எப்படி என்றேன். அவள் நிதானமாகச் சொன்னாள். ஊசி போட்ட அன்று நாங்கள் இருவரும் அடுத்தடுத்த கட்டிலில், சுவரைப் பார்த்துச் சுருண்டு படுத்திருந்தோம். எனக்குத் தலைவலி கிளம்பிக் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். சிஸ்டர் அபெகே குழாய்களோடு வந்து, உங்களில் மூத்தது யார் என்று கேட்டிருக்கிறார். இவள் கையைத் தூக்கியிருக்கிறாள். அவர் இவள் குழாயில் 1 என்று எழுதியிருக்கிறார்.

நான் நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தேன். சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை. நான்காம் பக்கத்துப் பொடி எழுத்தை சிஸ்டர் அபெகே எங்கே படித்தார்? இந்த ஊரில் எந்தத் தாதி இரட்டையரிடம் மூத்தது யார் என்று கேட்டுவிட்டு தாய்வோவின் பெயரை எழுதுவாள்? நான் இல்லை, நான் இல்லை என்று அறையைச் சுற்றி வந்தேன். ஆறு வாரமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது இறங்கிப் போனது. கெஹிந்தேவின் தோளைப் பிடித்து உலுக்கினேன். அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

“அப்ப அது என்னோடதுதான்” என்றாள். “பரவாயில்ல. எனக்குன்னா உனக்கு நிம்மதி.”

அவள் தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டேன், ஏனென்றால் அது உண்மை. அவள் கை கழுவிவிட்டு வந்து, அமலா ஆறிப்போயிற்று என்று சொல்லிவிட்டு, கட்டம் போட்ட நோட்டைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டாள். தேதி வாரியாக, எத்தனை இருக்க வேண்டும், எத்தனை இருந்தது. ஒவ்வொரு நாளும் ஒன்று கூடுதலாகக் குறைந்துகொண்டே போயிருந்தது. ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது.

“டாக்டர்கிட்ட வந்து சொல்லு. மாத்திரை காணாமப் போனது நிஜம்னு சொல்லு. ஒன்பது வருஷமா அந்த ஃபைல்ல என்னப் பத்தி எழுதினது எல்லாமே கோளாறுதான். நான் சொன்ன நிஜம் ஒண்ணாவது அதுல இருக்கட்டும்.”

சொன்னால் எனக்கு என்ன ஆகும் என்று அவளுக்கும் தெரியும். தெரிந்தும் கேட்டுவிட்டாள், நானும் சரி என்றேன்.

மறுநாள் காலையில் போனோம். கெஹிந்தே நோயாளி நாற்காலியில், நான் என் வழக்கமான நாற்காலியில். விடாமல், ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். டாக்டர் மொரெனிகே பேனாவை மூடி வைத்தார். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். கோபப்படவில்லை. நாற்காலியைக் கொஞ்சம் என் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். எனக்கு அந்தத் திருப்பல் தெரியும். எத்தனை நோயாளிகளிடம் அவர் அப்படித் திருப்பிக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன்.

“அந்த நம்பர் உன்னப் பத்தித்தான் சொல்லுதுன்னு உனக்கு எப்போல இருந்து தோணுது, தாய்வோ?”

தோன்றவில்லை டாக்டர், கணக்குப்படி அப்படித்தான் வந்தது என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. குரல் உயர்ந்ததை அவர் கவனித்ததை நான் கவனித்தேன். மாத்திரையை ஏன் யாருக்கும் சொல்லாமல் சாப்பிட்டாய் என்று கேட்டார். சொன்னால் நம்ப மாட்டீர்கள் என்றேன். சொன்ன மாத்திரத்திலேயே, இது கேள்வித்தாளில் எத்தனையாவது கட்டம் என்று எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. குழாய் மாறியது எப்படி என்று விளக்க ஆரம்பித்தேன். பேசப்பேச, எனக்கே நான் ஒரு நோயாளி பேசுவதுபோலக் கேட்டது. சிஸ்டர் அபெகே, நான்காம் பக்கம், மூத்தவள், இளையவள், யாரோ என் எண்ணை மாற்றிவிட்டார்கள். இதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. கால் கீழே ஆடிக்கொண்டிருந்தது. மேசையிலிருந்து புதுக் கோப்பு ஒன்றை எடுத்து என் பெயரை டாக்டர் எழுதினார்.

கெஹிந்தே தன் நாற்காலியை இழுத்து எனக்கும் மேசைக்கும் நடுவில் போட்டாள்.

“நான் மூத்தவ. அவளப் பத்தி என்னக் கேளுங்க.”

டாக்டர் மொரெனிகே என்ன படித்திருந்தாலும் யொருபா தாய் வயிற்றில் பிறந்தவர். மூத்தவள் என்று சொல்லிக்கொண்டு வந்து உட்கார்ந்தவளை வெளியே போ என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. கெஹிந்தே நோட்டைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள். இந்தத் தடவை டாக்டர் படித்தார். பக்கம் பக்கமாகப் படித்தார். பிறகு ஆள் அனுப்பி சிஸ்டர் அபெகேயைக் கூப்பிட்டார். இரட்டையர் குழாய்களில் 1, 2 என்று எப்படி எழுதினீர்கள் என்று கேட்டார். சிஸ்டர் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார், ஏதோ பரீட்சை வைக்கிறார்கள் என்று நினைத்திருப்பார்.

“கெஹிந்தேக்கு ஒண்ணு, தாய்வோக்கு ரெண்டு. வேற எப்படி எழுதுவாங்க?”

முப்பத்தெட்டு ஜோடிக்கும் அப்படியா என்று கேட்டார் டாக்டர். முப்பத்தெட்டுக்கும்தான் என்றார் சிஸ்டர். டாக்டர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். நோய் யாருக்கு என்கிற பட்டியலை அவர் படிவத்தைப் பார்த்துப் போட்டிருந்தார், முதலில் பிறந்தவர் 1 என்று. எல்லாம் தலைகீழாகி, நோயில்லாதவர்களுக்குத்தான் கழிவு கூடுதலாக இருக்கிறது என்று அதிசயப்பட்டு, எங்கள் ஜோடியும் அதில் இருந்ததால் என்னிடம் காட்டாமல், போன வாரம் கூட்டாளிகளுக்குக் கட்டுரையே அனுப்பிவிட்டிருந்தார். படிவத்தை அப்படியே ஏற்றுக்கொண்டதில் எனக்கும் பங்குண்டு. தெருவுக்குத் தெரு இரட்டையர் இருக்கிற ஊர்க்காரிகள் இரண்டு பேர் சேர்ந்து நடத்திய ஆய்வு இது, எங்களில் ஒருத்திக்கும் உறைக்கவில்லை.

சிஸ்டர் போன பிறகு டாக்டர் கெஹிந்தேவின் கோப்பை எடுத்தார். மாத்திரையை யாரோ திருடுவதாக நம்புகிறார் என்கிற வரியை ஒரு கோடு போட்டு அடித்தார். பக்கத்தில், நோயாளி சொன்னது உண்மை என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திட்டார். கெஹிந்தே எழுந்து மேசைமேல் குனிந்து அதைப் படித்தாள். மறுபடியும் படித்தாள். மூன்று மாத்திரை இரண்டானது, டப்பா அவளிடமே திரும்பியது. டாக்டர் அவளிடம் மன்னிப்புக் கேட்டார். கெஹிந்தே, கணக்கைப் பார்த்திருந்தால் போன மாதமே முடிந்திருக்கும் டாக்டர் என்று மட்டும் சொன்னாள்.

என் கோப்பு மூடப்படவில்லை. எண் என்னுடையது இல்லை என்பது சரி, அதற்காக நான் செய்தது இல்லை என்று ஆகிவிடாது என்றார் டாக்டர். ஆறு வாரம் சாப்பிட்ட மாத்திரையைச் சட்டென்று நிறுத்தவும் முடியாது, படிப்படியாகக் குறைக்க வேண்டும். மூன்று மாதம் வாராவாரம் வந்து காட்ட வேண்டும். அதுவரை ஆய்வுக்கூடத்தில் கால் வைக்கக்கூடாது. அவர் சொன்ன எதிலும் தப்பு இல்லை. அவர் இடத்தில் இருந்தால் நானும் இதைத்தான் செய்திருப்பேன். எனக்கு ஒன்றுமில்லை டாக்டர் என்று சொல்ல வாயெடுத்தேன். அதை இனி மூன்று மாதத்துக்குச் சொல்லக்கூடாது என்று புரிந்து மூடிக்கொண்டேன்.

வெளியே நீளமான பச்சை பெஞ்சு. மருந்துச்சீட்டுக்குப் பெயர் கூப்பிடும்வரை நோயாளிகள் உட்காருகிற இடம். ஒன்பது வருடத்தில் ஒரு தடவைகூட நான் அதில் உட்கார்ந்தது கிடையாது, எப்போதும் தூணில் சாய்ந்து நிற்பேன். அன்றும் தூணைப் பார்த்து நடந்தேன். கெஹிந்தே பெஞ்சில் உட்கார்ந்து, டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, சற்று நகர்ந்து இடம் விட்டாள்.

“இந்தத் தடவ நான் முன்னாடி வந்து பாத்துட்டேன்” என்றாள். “உக்காரு. இங்கயும் இருந்துடலாம்.”

உள்ளேயிருந்து என் பெயரைக் கூப்பிட்டார்கள், இன்னும் கொஞ்ச நேரம் ஆகும் என்றார்கள். நான் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.